எப்படித் தெரியும்?

வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. வித்யாலட்சுமிக்கு அம்மை போட்டிருக்கிறது என்று பெங்களூர் தொம்மலூரில் அந்தச் சந்துக்கே தெரியும். காலேஜுக்கும் தகவல் போயிருந்தது. யாரும் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

உள்ளறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த வித்யாலட்சுமியின் உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை.

"கேமராவைப் போடாதே. பேர் கூப்பிட்டா 'எஸ் மேம்'னு சொல்லு, அதுக்கு மேல வாயைத் திறக்காதே," என்றாள் அம்மா சரசு. மகளை ஒட்டி உட்கார்ந்து, ஊறிய மொச்சையைப் பிதுக்கிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். மவுஸ் அவள் பக்கம் இருந்தது. மைக்கைத் திறப்பதும் மூடுவதும் அவள்தான்.

மறுநாள் காலை அத்திபெலே தாண்டி ஒரு கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளை பாலகுமார், சரசுவின் கூடப்பிறந்த தம்பி. பெண் வித்யாலட்சுமிக்கு வயது பதினேழு.

போனை அப்பா கணேசமூர்த்தி பிடுங்கி வைத்துவிட்டார். இப்போது அவரும் பாலகுமாரும் ஹாலில் உட்கார்ந்து வேன் ஏற்பாடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஆன்லைன் வகுப்புக்கும் வராவிட்டால் மேடம் விசாரிப்பார், விஷயம் வெளியே போய்விடும் என்றுதான் இந்த ஒரு மணி நேரம் லேப்டாப் அவள் முன்னால் வந்தது.

"ஏதாவது உளறினே, அப்புறம் என்னை உயிரோட பாக்க மாட்டே." காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தாள் சரசு. ஒரு கத்துக் கத்தினால் சந்தே கூடிவிடும் என்று வித்யாலட்சுமிக்குத் தெரியும். அம்மாவின் அந்த வார்த்தைதான் அவள் வாயைக் கட்டிப்போட்டது.

சமூகவியல் எடுக்கும் சங்கமித்ரா மேடம் திரையில் ஒரு வரி எழுதிப் போட்டிருந்தார். 'பெரியவர்கள் எடுக்கும் முடிவு பிள்ளைகளின் நல்லதுக்கே.'

"சரி, தப்புன்னு சொல்லிட்டு ஓடிடக் கூடாது," என்றார் மேடம். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்னு சொல்லணும். இன்னிக்கு நான் பேசப்போறதில்ல. நீங்கதான் பேசணும்."

வழக்கம்போல வகுப்பு கன்னடமும் இங்கிலீஷுமாக ஓடியது. கல்யாணமாகி வந்ததிலிருந்து பெங்களூரிலேயே இருக்கும் சரசுவுக்கு முக்கால்வாசி புரிந்தது.

"பெரியவங்களுக்கு அனுபவம் இருக்கு மேம்," என்றான் முகேஷ்.

"என்ன அனுபவம்?" என்று குறுக்கே புகுந்தாள் மமதா. "அவங்க பட்டது நல்லதா கெட்டதான்னு யாராவது அவங்களைக் கேட்டிருக்கோமா?"

"இதெல்லாமா பாடம்?" என்று முணுமுணுத்தாள் சரசு. மொச்சை பிதுக்கும் கை மெதுவானது.

"வித்யாலட்சுமி, உடம்பு எப்படி இருக்கு? நீ இன்னும் பேசவே இல்லையே. தமிழ்லயே சொல்லு, பரவால்ல."

சரசு புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு மைக்கைத் திறந்தாள். இன்னொரு கையால் மகளின் மணிக்கட்டை அழுத்தினாள்.

"பரவால்ல மேம். பெரியவங்க நல்லதுக்குத்தான் செய்வாங்க."

"எப்படித் தெரியும்?"

வித்யாலட்சுமி தடுமாறினாள். "எங்கம்மா சொல்வாங்க மேம்."

"அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

மணிக்கட்டில் பிடி இறுகியது. வித்யாலட்சுமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அவங்களுக்கும் அவங்க வீட்ல பெரியவங்கதான் முடிவு பண்ணாங்க. பதினாறு வயசுல கல்யாணம். தர்மபுரியிலேர்ந்து இங்க கூட்டிட்டு வந்துட்டாங்க."

"சரி. அது அவங்களுக்கு நல்லதா இருந்துச்சா?"

ஹாலில் பாலகுமாரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. வித்யாலட்சுமிக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"கேட்டிருக்கியா வித்யா?"

"இல்ல மேம்."

"ஒரு தடவைகூட?"

"இல்ல."

"அப்ப நீ சொல்றதுக்கு ஆதாரம் இல்லையே. அம்மாவைக் கேளு. அவங்க என்ன சொன்னாலும் அதை வச்சு மறுபடி யோசி. அடுத்த வாரம் வந்து சொல்லு, என்ன?"

அடுத்த வாரம்! அதற்குள் தான் எந்த ஊரில், எந்த வீட்டில் இருப்போம் என்று வித்யாலட்சுமிக்குத் தெரியாது. "சரி மேம்," என்றாள். சரசு மைக்கை மூடிவிட்டாள்.

"அக்கா!" ஹாலிலிருந்து பாலகுமார் குரல் கொடுத்தான். "போதும், அந்த லேப்டாப்பை எடுத்து உள்ள வை. மாமா கேக்கறாரு."

"முடிஞ்சுது, வரேன்," என்றாள் சரசு.

திரையில் வகுப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சரசு கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். அறைக் கதவைச் சாத்தினாள். சத்தம் வராமல் உள்தாழ்ப்பாளைப் போட்டாள்.

வீட்டு விஷயத்தை வெளியே சொன்னதற்கு அடிதான் விழப்போகிறது. "நானா ஒண்ணும் சொல்லலம்மா, அவங்கதான் கேட்டாங்க..." என்று சுவரோடு ஒண்டினாள் வித்யாலட்சுமி.

சரசு அவளைப் பார்க்கவே இல்லை. நேராக லேப்டாப்புக்கு வந்தாள். மூடப்போகிறாள் என்று நினைத்து வித்யாலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள்.

மவுஸ் 'க்ளிக்' என்றது. மைக் திறந்தது. திரைக்கு அருகே வாயைக் கொண்டுபோய், ஹாலுக்குக் கேட்காத குரலில் சரசு பேசினாள்.

"டீச்சர், நான் இவ அம்மா... நாளைக்கு இவளுக்கு நடக்கற கல்யாணத்தை நிறுத்தணும், யாருக்குப் போன் பண்ணணும்?"