மேலே எது உட்காரும்

ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்க வைக்கும் அந்த இரும்பு லிண்டலை எம்ரிஸ் சாரத்தின் மேலிருந்து காலால் உதைத்துத் தள்ளினார்.

கீழே ஆள் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் தள்ளினார். அவ்வளவு கோபத்திலும் அந்த நிதானம் இருந்தது அந்த மனுஷனுக்கு.

இரண்டே முக்கால் மீட்டர் இரும்பு. மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் போய் விழுந்தது. கலவை இயந்திரம் நின்றது. மற்ற இரண்டு கொத்தனார்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

சைட் மேனேஜர் கெத்தின் தேநீர்க் கோப்பையோடு ஓடி வந்தான். எம்ரிஸின் வயதில் பாதிகூட இராது அவனுக்கு.

"என்ன அண்ணே, விடிஞ்சதும் விடியாததுமா இரும்புக்கு நீச்சல் சொல்லித் தர்றீங்க?"

"எவன்டா இதைப் பொறுக்கி எடுத்தது?"

"நீளம் சரியா இருக்கு. வெளிச்சுவரு, உள்சுவரு ரெண்டுக்கும் நடுவுல விட்ட இடைவெளிக்கும் சரியா இருக்கு. வேற என்ன வேணும், அதுக்குக் கல்யாணமா பண்ணி வைக்கப் போறோம்?"

எம்ரிஸுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

"மேல எது உட்காரப் போகுதுன்னு பாத்தியாடா? மரத்தரைன்னா இந்த லேசான சனியன் போதும். இங்க வரப்போறது கான்கிரீட்டு! வெளிச் செங்கல்லு அது பாட்டுக்கு நிக்கும். உள்சுவருதான் அத்தனையையும் சுமக்கணும். நடுவுல தொங்கிடும்டா இது!"

மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம் என்று கட்டுகிற வீடு. அதனால்தான் நடுவில் கான்கிரீட் தரை.

கெத்தினின் முகம் சுருங்கியது. கனமான லிண்டல் திங்கட்கிழமைக்கு முன்னால் வராது. கான்கிரீட் தரைப் பலகைகளைத் தூக்கி வைக்கும் கிரேனோ வியாழக்கிழமையே வருகிறது. அதைத் திருப்பி அனுப்பினால் முதலாளி அவன் தோலை உரித்துவிடுவார். இதையெல்லாம் அவன் சொல்லச் சொல்ல, எம்ரிஸ் கொத்துக்கரண்டியைத் துடைத்துப் பையில் போட்டார்.

மற்ற இருவரும் தங்கள் கரண்டிகளைத் துடைத்தார்கள்.

"சரி, சரி. கனமானதையே வரவழைக்கிறேன். போதுமா?" என்று கெத்தின் போனை எடுத்தான்.

யாரோ சீட்டியடித்தார்கள். "ஸ்வான்சி ஊரு முழுக்கக் கேட்டிருக்கும்யா உன் தொண்டை" என்று ஒருவர் எம்ரிஸின் முதுகில் தட்டினார்.

கேட்டது கிடைத்துவிட்டது. அத்தோடு மனசு ஆறியிருக்க வேண்டும்.

ஆறவில்லை. நீட்டிய தேநீரை வேண்டாம் என்றார். தட்டிய கையை உதறினார். சாரத்தை விட்டு இறங்கி, வழியில் கிடந்த வாளியை எட்டி உதைத்தார். அது என்ன பாவம் செய்தது?

கட்டி முடித்து ஆட்கள் குடிவந்துவிட்ட வரிசையில் விடுவிடுவென்று நடந்தார். ஒன்பதாம் எண் வீட்டு வாசலில் கால்கள் நின்றன.

இங்கேயும் மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம்.

பெரிய ஜன்னலுக்கு மேலே செங்கல் வரிசை நூல் பிடித்தாற்போல் இருந்தது. ஒரு கீறல் இல்லை. இன்னும் இல்லை. மார்ச் மாதம் மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அவர் வைத்த வரிசை.

மணியை அடித்தார். மாடியில் ஒரு குழந்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓடும் சத்தம் கேட்டது.

கீழ்வீட்டுப் பெண் கதவைத் திறந்தாள். கையெல்லாம் மாவு. சிமெண்டு படிந்த அவருடைய உடுப்பைப் பார்த்துச் சிரித்தாள்.

எம்ரிஸ் தொப்பியைக் கழற்றினார். அத்தனை பெரிய குரல் எங்கே போயிற்றோ.

"அம்மா, மாடியில இருக்கிறவங்களை முதல்ல வெளிய கூப்பிடுங்க. இந்தச் சுவரு நான் வச்சது. அன்னைக்கு லிண்டலோட நீளத்தை மட்டும்தான் பாத்தேன்."