வெண்ணெய்க் குரல்

“இன்னும் ஒரு கரண்டிதான். கண்ணை மூடிட்டு முழுங்கிடுங்க” என்றாள் மனைவி. செய்தி வாசிப்பாளர் மருந்துக்கு அழும் பிள்ளைபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு வெண்ணெயை விழுங்கினார்.

எல்லாம் குரலுக்காகத்தான். ஊர்த் தொலைக்காட்சியில் இரவு எட்டு மணிச் செய்தி என்றால் ஒரு காலத்தில் அவரேதான். கடைவீதியில் இறங்கினால் நாலு பேராவது வழிமறித்துக் கை கொடுப்பார்கள்.

வேலைக்கு எடுத்த கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். வாசலில் பெரிய கூட்டம். இவருக்குக் கோட்டை மாட்டிக் காமிரா முன்னால் உட்கார வைத்தார்களாம். இவர் தொண்டையைக் கனைத்தாராம். “இவரேதான்!” என்று முதலாளி துள்ளிக் குதித்தாராம்.

“கனைப்புக்கே வேலை குடுத்தாங்கன்னா பார்த்துக்கோயேன்!” என்பார், மீசையைத் தடவிக்கொண்டு.

கல்யாணமான மறுவருஷமே மதியச் செய்திக்குத் தள்ளிவிட்டார்கள். குரல் மங்கிவிட்டதோ என்று பயந்து, தினம் காலையில் வெண்ணெய் சாப்பிட ஆரம்பித்தார். பிறகு கோழிகூடப் பார்க்காத விடியற்காலைச் செய்தி. பயம் இரட்டிப்பானது, ராத்திரிக்கும் வெண்ணெய் வந்தது.

“அந்த முதலாளிக்குக் காதுல ஏதோ கோளாறு. உங்க குரல்ல மயங்கித்தானே நான் கழுத்தை நீட்டினேன்!” என்று மனைவி டப்பாவை மூடினாள். அவருக்குக் கண் கலங்கியது.

நிலையத்துக்குப் போனதும் ஒப்பனைக்காரம்மா கோட்டை மாட்டிவிட்டார். காலரில் இரவுச் செய்திக்காரரின் பவுடர் இன்னும் ஒட்டியிருந்தது. “மூச்சை நல்லா உள்ள இழுத்துக்கோங்க சார்” என்றார். குரலுக்கு நல்லது என்று இவரும் இழுத்துக்கொண்டார்.

வானிலைக்கு வரும்போது ஒரு இருமல் வந்து தொலைத்தது. வாசித்து முடித்துக் கோட்டைக் கழற்றிக் கொடுத்த கொஞ்ச நேரத்தில் முதலாளியிடமிருந்து அழைப்பு.

“நாளையிலேருந்து செய்திக்கு வேற ஆள் சார். நீங்க வேணா விளம்பரம் பிடிச்சுக் குடுங்க.”

“யாரு சார் அந்த வேற ஆள்?”

“நம்ம வண்டி ஓட்டுறவன்தான். உள்ள வாப்பா!”

கதவைத் திறந்துகொண்டு வண்டிக்காரன் வந்தான். வெண்ணெய் வாசமே அறியாத உடம்பு. கோட்டும் டையுமாக, வெட்கப்பட்டு நின்றான்.

நம்மவருக்கு வந்ததே கோபம். “ஒரு இருமலுக்கா சார் இந்தத் தண்டனை? இவனுக்கு ழகரமே வராது சார். மழையை ‘மளை’ம்பான்!”

“சொல்லிட்டுப் போறான். எப்படியும் பெய்யத்தானே போகுது.”

“சார், தினம் ரெண்டு வேளை வெண்ணெய் தின்னு இந்தக் குரலைக் காப்பாத்திட்டு வரேன். அன்னைக்கு அவ்வளவு கூட்டத்துல என் குரலுக்காகத்தானே என்னை எடுத்தீங்க?” அழுதேவிட்டார்.

“குரலா?” முதலாளி ஒன்றும் புரியாமல் விழித்தார். பிறகு, வண்டிக்காரனின் மார்பில் பொத்தான்கள் இழுபடாமல் நிற்பதைத் திருப்தியோடு தடவிப் பார்த்தார்.

“நம்மகிட்ட இருக்கிறது ஒரே கோட்டு சார். அன்னைக்கு அது உங்களுக்குத்தான் சேர்ந்துச்சு!”