ருசிக்கு வைத்த வெல்லம்

பொங்கலுக்கு முந்தின நாள். அண்ணாச்சி கடைக் கூட்டத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

வெல்ல மூட்டையின் மேல் உடைந்த உருண்டை ஒன்று உட்கார்ந்திருந்தது. ருசி பார்க்க வைத்தது. வந்தவர்கள் எல்லாரும் அதைக் கிள்ளி வாயில் போட்டார்கள். தலையாட்டிவிட்டு, முழு உருண்டைகளை வாங்கிக்கொண்டு போனார்கள். உடைந்ததுக்கு இருந்தது ஒரே ஆசை. பொங்கல் பானைக்குள் போய்ச் சேர வேண்டும். ஆனால் மத்தியானத்துக்குள் பாதியாகக் கரைந்துவிட்டது.

"நாளைக்கு நாங்க பானையில, நீ எறும்பு வாயில," என்றது பக்கத்தில் கிடந்த முழு உருண்டை.

"ஏலே, சும்மா கிட," என்றது உடைந்தது. அழுகையை அடக்கிக்கொண்டுதான் சொன்னது.

அப்போது ஒரு அம்மாள் வந்தாள். கிள்ளி வாயில் போட்டுச் சப்புக்கொட்டினாள்.

"இதையே போடுங்க அண்ணாச்சி."

"அது ருசிக்கு வச்சது தாயி. முழுசாத் தாரேன்."

"நான் ருசி பாத்தது இதைத்தான? உள்ள கிடக்கறதை யாரு கண்டா? அரைக் கிலோ போடுங்க."

அண்ணாச்சி முனகிக்கொண்டே உடைந்ததைத் தராசில் வைத்தார். தட்டு இறங்கவில்லை. பக்கத்தில் கிடந்த அந்த முழு உருண்டையை எடுத்து அதோடு போட்டார். இறங்கியது.

பொட்டலத்துக்குள் ஒரே இருட்டு.

"நீ எங்கடே இங்க வந்த?" என்று கேட்டது உடைந்தது.

முழு உருண்டை ஓரமாக ஒதுங்கிக்கொண்டது.

"சும்மா... எடைக்கு," என்றது.