மேல்மூடி

வாத்தியார் தன் வீட்டில் செய்து வைத்திருந்த உள்ளங்கை அகல ராணுவ டாங்கி பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அசந்துபோனார், மாடல் சாமான் விற்கும் கடைக்காரர். சக்கரத்துச் சேறு, துரு, கீறல் எல்லாம் தத்ரூபமாக இருந்தன. உள்ளே ஒரு குட்டிச் சிப்பாய்கூட உட்கார்ந்திருந்தான்.

"போட்டிக்கு அனுப்புங்க வாத்தியாரே, பரிசு உங்களுக்குத்தான். இந்த மேல்மூடியை மட்டும் மூடி ஒட்டிருங்க. சண்டை நடக்கிற இடத்துல யாராவது திறந்து வைப்பாங்களா?"

"திறந்தே இருக்கட்டும்."

"மார்க் போயிருமே!"

"போகட்டும்."

இவ்வளவு உழைத்துவிட்டு, கடைசியில் இப்படியொரு வீம்பா! வாத்தியார் பிரஷ் கழுவ எழுந்து போனதும், கடைக்காரர் மூடியை அழுத்தி ஒரு சொட்டுப் பசை விட்டார். அவர் கடைப் பசை, ஒட்டினால் ஒட்டினதுதான்.

திரும்பி வந்த வாத்தியாரின் முகம் வெளிறியது. நகத்தால் நெம்பினார். கத்தியை எடுத்து நெம்பினார். மூடி அசையவில்லை.

"ஒரு பொம்மைக்குப் போய் இப்படியா? வேற ஒண்ணு தர்றேன், விடுங்க."

சத்தம் கேட்டு வந்த வாத்தியாரின் மனைவி, அவர் கையிலிருந்த கத்தியை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"எங்க பையன் இந்த மாதிரி டாங்கியிலதான் இருந்தான் அண்ணே. தீப்பிடிச்சப்போ, உள்ளேயிருந்து மூடியைத் திறக்கவே முடியலையாம்."

வாத்தியார் மறுபடியும் நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார்.