ஷெரினின் கண் நின்ற பக்கம்

ஒன்பதாம் வகுப்பு ஷெரின் பள்ளிக்கூடத்தில் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தால், அவள் கண் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று அம்மா ஜெசிந்தாவின் போனுக்கு வந்துவிடும். பெற்றோர் ஊக்கப்படுத்த வேண்டுமாம். ஜெசிந்தாவும் தையல் மிஷினை மிதித்தபடியே, "ஏட்டி, படி, படி" என்று ஊக்கப்படுத்திக்கொண்டுதான் இருந்தாள்.

இந்த வாரம் முழுக்க அந்தக் கண் ஒரு நாவலின் ஒரே பக்கத்தில் நின்றது. அப்படி என்ன கண்றாவி இருக்கிறது அதில்? எவனாவது எதையாவது எழுதி வைத்திருக்கிறானோ?

மகள் டியூஷன் போனதும் ஜெசிந்தா புத்தகத்தை எடுத்தாள். எழுத்து மங்கலாக இருந்தது. மேஜையில் கிடந்த மகளின் கண்ணாடியையே மாட்டிக்கொண்டாள். யார் போட்டாலும் தெளிவாகக் காட்டும் கண்ணாடி அது. அந்தப் பக்கத்தில் ஒருத்தி பூட்டிய பெட்டியோடு தோணியிலிருந்து இறங்கினாள். அவ்வளவுதான். யார் இவள்? பெட்டியை ஏன் இப்படி நெஞ்சோடு அணைத்திருக்கிறாள்? ஜெசிந்தா முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். தைக்க வேண்டிய ஜாக்கெட் மிஷினிலேயே கிடந்தது.

போன் ஒலித்தது. 'உங்கள் மகள் இன்று மிகுந்த ஆர்வத்துடன் படிக்கிறாள். பாராட்டுங்கள்.'

நிமிர்ந்து பார்த்தால், டியூஷன் முடிந்து வாசலில் ஷெரின்.

"அந்தப் பக்கத்துல என்னட்டி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. அங்கேயே கண்ண வச்சிருந்தா நீ என்னன்னு வந்து பாப்பேன்னு தெரியும். என்னைய மட்டும் படி படின்னா எப்படி?"

ஜெசிந்தாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "சரி, அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்கு?"

ஷெரின் செருப்பைக் கழற்றினாள்.

"படிம்மா, படி."