வட்டக் காசு

“ஏழும் அசல்தான். சும்மா ஒருக்காப் பாருங்கோ” என்று இந்திராதேவி சங்கிலியை உணவறை மேசையில் வைத்தாள்.

மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் உள்ள அந்த மருந்துத் தொழிற்சாலையில் அவள் பெட்டி அடுக்குபவள். எதிரில் இருந்த ஆதித்தன் அங்கே எஞ்சினியர். சென்னைக்காரர், பழைய காசு என்றால் பைத்தியம்.

அம்மா இரண்டு பெண்களுக்கும் ஏழேழு வெனிஸ் தங்கக் காசு கோத்த சங்கிலியைத் தனித்தனியே துணியில் முடிந்து கொடுத்திருந்தாள். இந்திராதேவிக்குக் கிடைத்தவை கோணலும் மாணலுமாக இருந்தன. போன வருடம் மொன்றியலில் வந்து இறங்கியபோதுதான் தங்கை நிருஷாவின் கழுத்தைப் பார்த்தாள். ஏழும் நிலா மாதிரி வட்டம்!

அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல். கொழும்பிலிருந்து செலவழித்துக் கனடாவுக்குத் தன்னைக் கூப்பிட்டு எடுத்தவளே தங்கைதான் என்பதுகூட அதில் மறந்துபோயிற்று.

“அம்மா ஓரவஞ்சனை செய்திட்டா. எனக்கு மாத்தித் தா” என்று கேட்டு, ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்து, போன ஞாயிறு வாங்கியும் விட்டாள்.

“வேண்டாம் அக்கா, சொன்னாக் கேளுங்கோ” என்று நிருஷா மன்றாடித்தான் பார்த்தாள். கடைசியில், “உங்கடதைப் பத்திரமா வச்சிருக்கிறன். எப்பவெண்டாலும் வந்து எடுங்கோ” என்றாள். கொடுக்க மனமில்லாதவளின் பேச்சு என்று இந்திராதேவி நினைத்துக்கொண்டாள்.

ஆதித்தன் பூதக்கண்ணாடியை மடக்கினார்.

“மிளகுக்காக வெனிஸ்லேருந்து கை மாறிக் கை மாறி நம்ம பக்கம் வந்த காசும்மா அது. எடையும் தங்கமும் மாறவே மாறாது. அதனால எந்தத் துறைமுகத்திலயும் கேள்வி கேக்காம வாங்கிப்பாங்க. ஆனா ஒவ்வொண்ணையும் கையில சுத்தியலால அடிச்சுத்தான் செஞ்சாங்க. ஒண்ணுகூட முழு வட்டமா இருக்காது.”

“அப்ப இது?”

“பித்தளைல தங்க முலாம். ஏழும் ஒரே அச்சு.”

வேலை முடிந்ததும் பஸ் பிடித்து நேரே தங்கை வீட்டுக்குப் போனாள். கதவு திறந்ததும் சங்கிலியை நீட்டினாள்.

“போலியை என்ர தலையில கட்டிப்போட்டாய், என்ன? அம்மா உனக்குத் தந்த ஏழு காசும் எங்கயடி?”

நிருஷா கோபப்படவில்லை. அக்காவின் குளிர்கோட்டை வாங்கி ஆணியில் கொளுவினாள்.

“அதை வித்துத்தானே அக்கா உங்களைக் கூப்பிட்டனான்.”