ஜலகண்டம்

"அக்ஷராவுக்கு ஜலகண்டமாம். கங்கையைத் தாண்டிப் போய்ப் படிக்கவே கூடாதுன்னு ஜோசியர் சொல்லிட்டார்" என்றார் பட்டாபிராமன்.

ஜலஜாவின் கையில் தோசைத் திருப்பி அப்படியே நின்றது.

அக்கா பெண்ணுக்கு வாழ்த்துச் சொல்ல சால்ட் லேக்கிலிருந்து வந்திருந்த ஜலஜாவின் தம்பி சௌந்தரராஜன், வாயில் போட்ட விள்ளலை விழுங்க மறந்தான்.

"விளையாடறேளா அத்திம்பேர்? கம்ப்யூட்டர் சீட்! எங்க ஆபீஸ்ல ஒய்டூகே கம்ப்யூட்டர் வேலைக்குன்னு ஆள் பிடிச்சுப் பிடிச்சு அமெரிக்காவுக்கு ஏத்திண்டிருக்கான்."

"காலேஜ் ஹவுராவுல இருக்கே. நடுவுல கங்கைன்னா ஓடறது."

"பாதி கல்கத்தா தினம் லாஞ்ச் படகுல போயிட்டு வரது. எல்லாரும் முழுகியா போயிட்டா?"

"அவா ஜாதகத்தை நான் பாக்கலையே."

"சரி, பின்ன என்னதான் படிக்கப் போறா?"

"இந்தக் கரையில கிடைச்சிருக்கே, பெங்காலி ஆனர்ஸ்."

"பெங்காலியா! அவளுக்குத் தமிழே எழுதத் தெரியாது."

"அதனாலதான் சொல்றேன். ஒரு பாஷையாவது உருப்படியா எழுதட்டுமே."

ஜலஜாவுக்கு வயிறு எரிந்தது. எரியாதா? பி.யு.சி.யோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் பண்ணிக் கொடுக்கப்பட்டவள் அவள். ரிசல்ட் வந்த அன்று மாடி மாடியாக ஏறி, அக்கம்பக்கத்து வங்காளி மாமிகளான மாஷிமாக்கள் அத்தனை பேர் வாயிலும் சந்தேஷ் இனிப்பைத் திணித்து, "என் பொண்ணு இன்ஜினீயராகப் போறா" என்று அரைகுறை வங்காளியில் தமுக்கடித்தவள். இப்போது பார்த்து இந்த மனுஷர் ஜோசியம் பேசுகிறார்! ராகுகாலம் பார்க்கிறவர்களைக் கண்டாலே கேலி செய்பவர். துறைமுக ஆபீசில் தான் வேலைக்குச் சேர்ந்ததே அஷ்டமியில்தான் என்று மார்தட்டுபவர்.

"எந்த ஜோசியர்?" என்றாள், திரும்பாமலே.

"லேக் மார்க்கெட் வீரராகவன்தான். ரோகிணி நட்சத்திரத்துக்கு இப்போ தண்ணி ஆகவே ஆகாதாம்."

ரோகிணியா?

ஜலஜா திரும்பினாள். அக்ஷராவுக்கு அனுஷம். ரோகிணி ஜலஜாவின் நட்சத்திரம். கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது அவர் தடுமாறாமல் சொல்கிற நட்சத்திரம் அது ஒன்றுதான். மகளுடையதை எப்போதும் ஜலஜாதான் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பாள்.

ஜாதகத்தைப் பார்த்த ஜோசியர் அனுஷம் என்றல்லவா சொல்லியிருப்பார்? மனுஷர் எந்த ஜோசியரையும் பார்க்கவில்லை. முழுப் பொய்.

அதைச் சொல்ல வாயெடுத்தவள் சமையலறை வாசலில் நின்ற மகளைப் பார்த்தாள்.

சீட் போய்விட்டதே என்று அழ வேண்டிய பெண் அழவில்லை. தன் நட்சத்திரம் எதுவென்று அவளுக்கும் தெரியும். அப்பா மாட்டிக்கொண்டுவிட்டாரே என்ற பயத்தில், அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றிருந்தாள்.

ரிசல்ட் அன்று இதே பெண் ஒன்றே ஒன்று கேட்டாள். "உனக்கு ரொம்ப சந்தோஷமாம்மா?"

"என் ஜன்மமே சாபல்யமாயிடுத்துடி!" என்றிருந்தாள் ஜலஜா.

அதன்பிறகு காலேஜைப் பற்றி அவளிடம் அக்ஷரா வாயைத் திறக்கவே இல்லை. திறந்தது அப்பாவிடம் போலிருக்கிறது.

கோபம் வந்தால்கூட வங்காளியில் கத்துகிற பெண். போன வருஷம் தெருவில் துர்கா பூஜைக்குப் போட்ட மலரில் வங்காளியில் ஒரு கதை எழுதியிருந்தாள். கீழ்வீட்டு மாஷிமா அதைப் படித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, வங்காளி எழுத்துக் கூட்டத் தெரியாத ஜலஜா சும்மா சிரித்து வைத்தாள்.

கல்லில் தோசை தீய்ந்து புகைந்தது.

சௌந்தரராஜன் தட்டைத் தள்ளினான். "பொண்ணோட எதிர்காலத்தைக் கெடுக்க வெளியிலேர்ந்து ஆள் வேணுமா? பெத்த அப்பாவே போறும். படிச்ச மனுஷர் பேசற பேச்சா இது? கேக்கவே வெக்கமா இருக்கு!"

பட்டாபிராமன் தலையைக் குனிந்துகொண்டார். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

"நீயாவது சொல்லுக்கா! உன் பேச்சைத்தான் கேப்பார்."

ஜலஜா தீய்ந்த தோசையைச் சுரண்டி எடுத்தாள். அடுப்பைத் தணித்தாள்.

"அவரை ஏண்டா வையறே, சௌந்தர்? எனக்கு மனசு கேக்கலை. அவரை ஜோசியர்கிட்ட அனுப்பினதே நான்தான்" என்றாள்.